இஷ்டமில்லாமல்

டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டியபோதுதான் சுபஸ்ரீ அதைக் கேட்டாள்.

"பொம்பளைக்கு அந்த சுகம் வந்தாத்தான் புள்ள தங்குமா மேடம்?"

கல்யாணமாகி ஆறு வருடம். பொன்னேரியில் இந்த கிளினிக்குக்கு வருவது மூன்றாவது முறை. கணவன் பிரபாகரன் ஏரிக்கு வலையோடு போய்விட்டதால் அம்மா எல்லம்மா துணைக்கு வந்திருந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"உச்சம் வந்தா கொஞ்சம் உதவலாம்னு சிலர் சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது. ஆனா அது இல்லாமலே தங்கும். பிடிக்காம, பயத்துல, வலியில நடந்தாக்கூட தங்கும்மா."

சுபஸ்ரீ தலையாட்டினாள். சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, இருபத்திரண்டு வயதில், அவள் ஊரில் நண்டு பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கொட்டகைக்காரன் சிங்காரம் கதவைச் சாத்தினான்.

அடுத்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

ஊர்க்கூட்டத்தில் அவன் எதையும் மறுக்கவில்லை. அவளும் ஆசைப்பட்டுத்தான் என்று மட்டும் சொன்னான். அப்போது ஒரு பெண்குரல் எழுந்தது.

"இஷ்டமில்லாம எப்டி வயித்துல தங்கும்?"

அதோடு கூட்டம் கலைந்தது. மறுவாரம் கருவையும் கலைத்தார்கள். சிங்காரம் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறான். எதிரே வந்தால் நலம் விசாரிப்பான்.

அந்தக் குரல் மட்டும் அவளை விடவில்லை. கத்தியது நினைவிருந்தது, அவன் கையைக் கடித்தது நினைவிருந்தது. இருந்தும், தனக்குத் தெரியாமல் தன் உடம்பு சம்மதித்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள்.

பிரபாகரன் அவசரப்படாதவன். அவன் கை பட்டு உடம்பு இளகத் தொடங்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதருகே கேட்கும். அவள் கட்டையாகிவிடுவாள். அவன் கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான்.

பழவேற்காடு பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

"டாக்டரம்மா சொன்னத கேட்டல்ல?" என்றாள் சுபஸ்ரீ. "அன்னிக்கு கூட்டத்துல நீ ஏம்மா அப்டி சொன்ன?"

எல்லம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் அண்ணனுங்க ரெண்டு பேரும் சிங்காரம் போட்லதான தொழிலுக்குப் போய்க்கினு இருந்தானுங்க."

"அதுக்காக?"

"எனக்குத் தெரியாதா இன்னா? உங்க நைனாகிட்ட எனக்கு ஒரு நாளும் இஷ்டம் இருந்ததில்ல. நாலு பெத்தேன்."

பழவேற்காடு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சுபஸ்ரீ எழுந்து முன்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.