ஒரே தோலுக்குள்

“வழுக்கவில்லை. நீ கையை விட்டாய்,” என்றார் வோங்.

பாலேந்திரா சிங்கத்தின் வால் துணியைத் தன் முதுகிலிருந்து விலக்கினான். சிவப்புத் துணிச் சிங்கம் உணவகத்தின் பின்கூடத்தில் மடிந்து கிடந்தது. சிங்கத்தின் தலையைத் தாங்கி ஆடும் தலைக்காரன் அதற்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்து, முழங்கையைத் தேய்த்தபடி சுவரோரம் போய் நின்றான்.

“இவனை இரண்டாவது தரம் விழுத்தியிருக்கிறாய். இங்கே மெத்தை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் பனி இறுகிக் கிடக்கும். விழுந்தால் கழுத்து முறியும். தெரியுமா?”

“தெரியும்.”

வோங் ஹொங்கொங்கில் குங்ஃபூ பழகியவர். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் சீன உணவகம் வைத்திருந்தார். கோப்பை கழுவும் பாலேந்திராவுக்கும் மரக்கறி வெட்டும் மற்றவனுக்கும், மத்தியான வேலை முடிந்தபிறகு, அந்தக் குளிர்காலம் முழுக்கக் குதிரை நிலை பழக்கினார். முழங்காலை மடித்து, இல்லாத குதிரையில் அசையாமல் இருக்கவேண்டும். எண்பத்தாறாம் ஆண்டுச் சீனப் புத்தாண்டுக்கு இருவரும் ஒரே துணித் தோலுக்குள் புகுந்து சிங்கம் ஆடப்போகிறார்கள். வாசலுக்கு மேலே கட்டிய கீரையைச் சிங்கம் கவ்வவேண்டும். வாலாக ஆடுபவன் தலைக்காரனைத் தூக்கிப் பிடித்தால்தான் அது எட்டும். எட்டாவிட்டால் கடைக்கு அந்த வருடமே சரிவராது என்பது வோங்கின் நம்பிக்கை.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவன் தலை, ஒருவன் வால்.

“நீ சிங்கத்தின் வாலா, பல்லியின் வாலா? தொட்டதும் கழன்றுவிடுகிறாயே!”

இருவரும் சிரிக்கவில்லை. தோலுக்குள் அவர்களுக்கிடையே பேச்சே மூன்று டெனிஷ் சொற்கள்தான். மேலே, கீழே, இப்போது.

“உதுக்கை குனிஞ்சு நிண்டு நாரி முறியப்போகுது. வேற ஆளைப் போடச் சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி யோகம்மா, வீட்டில்.

“அவரிட்ட வேற ஆர் இருக்கினம்?”

“அப்ப ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

“ஏனெண்டு கேப்பார்.”

“கேட்டாச் சொல்லுங்கோ.”

பாலேந்திரா யன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

ஞாயிறு மத்தியானம் காற்றில்லாமல் பனி பெய்தது. குழந்தை வண்டிகளோடு சனம் அரைவட்டமாக நின்றது. வோங் மேளத்தை அடித்தார். துணிக்குள் வெளிச்சம் சிவப்பாக வடிந்தது. வெளியுலகச் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு மேலே எங்கோ கேட்பதுபோல இருந்தது. அந்தச் சிவப்பில் பாலேந்திராவுக்குத் தன் கைகளே வேறு யாருடையவோ போலத் தெரிந்தன. ஒரு அடி, இன்னொரு அடி. சிங்கம் நித்திரையில் நடப்பதுபோல வாசற்படி ஏறியது.

“இப்போது!” என்றது முன்னாலிருந்த குரல்.

தலைக்காரனின் இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தூக்கினான். குதிரை நிலையில் நின்றான். காலடியில் பனி மெல்லச் சறுக்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பனி வழுக்கியது என்பார்கள். வோங்கும்கூட இந்தமுறை அப்படித்தான் சொல்வார்.

மேலேயிருந்து மெதுவாகக் கேட்டது.

“அண்ணை... விட்டிடாதேங்கோ.”

அந்தக் குளிர்காலத்தில் தலை அவனோடு பேசிய முதல் தமிழ்.

பாலேந்திராவின் விரல்கள் இறுகின. சிங்கம் எட்டிக் கீரையைக் கவ்வித் துப்பியது. பச்சை இலைகள் பனியோடு பனியாக விழுந்தன. சனம் கைதட்டியது.

ஒரே ஊர்க்காரர் ஒற்றுமையாக ஆடுவார்கள் என்று நம்பித்தான் வோங் இருவரையும் ஒரே தோலுக்குள் விட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரம், படலையடியில் நின்று “ஒருக்கா வந்திட்டுப் போடா” என்று பாலேந்திராவின் தம்பியைக் கூப்பிட்டு, திரும்பி வராதபடி தன் ஆயுத இயக்கத்திடம் கூட்டிக்கொண்டு போனதும் இதே குரல்தான்.