சரிவில் போன வண்டி

மிசிசிப்பியில் எங்கள் வீடுகளுக்குக் கீழே சரிவு முழுக்கக் குட்சு என்ற படர்கொடிதான். மரம், வேலி, மின்கம்பம் எதையும் அது விட்டுவைப்பதில்லை.

அன்று மழை. பக்கத்து வீட்டு வெர்லீன், மகள் டெல்லா தூங்கிக்கொண்டிருந்த காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குடை எடுக்க உள்ளே போனாள். திரும்பியபோது வண்டி சரிவில் உருண்டுகொண்டிருந்தது. அதன் முடிவில் ஆழமான பள்ளம்.

"ராய்ஸ்! பாப்பா உள்ள இருக்காடா!"

அவள் புருஷன் ராய்ஸ் பாய்ந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். வண்டி பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தது. சக்கரங்களைக் கொடி பல சுற்று சுற்றி இறுக்கியிருந்தது.

கதவைத் திறந்தோம். கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. உள்ளே டெல்லாவின் இடுப்பை இருக்கையோடு சேர்த்து ஒரு பச்சைக் கொடி கட்டியிருந்தது.

ராய்ஸ் கத்தியை எடுத்தான்.

"வெட்டாதப்பா" என்றாள் குழந்தை, கொட்டாவி விட்டபடி. "விழாம பிடிச்சிட்டிருக்கு."

அவன் கத்தியை மடக்கினான். கொடி தானாகவே இளகி, அவள் மடியிலிருந்து நழுவி இருக்கைக்கு அடியில் போயிற்று.

வெர்லீன் மகளை அள்ளிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இலைகளைப் பார்த்துச் சொன்னான்:

"ரொம்ப நன்றிங்கம்மா."