தகப்பனின் உயரம்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் மூன்றாம் மாடி வீடு. மார்ச் வெயில் கம்பளத்தில் சதுரமாக விழ, அதன் நடுவே இரண்டு வயது மேனுஜா சுகாதாரத் தாதியின் அளவு நாடாவைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். கர்ப்பத்தின் இருபத்தெட்டாம் கிழமையிலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். தாதி கிர்ஸ்டன் மடிக்கணினியைத் திருப்பி வளர்ச்சி வரைபடத்தைக் காட்டுகிறாள். பெற்றோரின் உயரத்தை வைத்துப் போட்ட கோட்டுக்கு வெகு கீழே மேனுஜாவின் புள்ளி தனித்து நிற்கிறது. “ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன். இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும்” என்கிறாள் டெனிஷில். தாய் தனுசியா பிள்ளையின் கையைப் பொத்திக்கொள்கிறாள். அந்தப் பிஞ்சுப் புறங்கையில், பிறந்தபோது குத்திய ஊசித் தழும்புகள் இன்னும் மாறவில்லை. “எங்கட பரம்பரையிலை கட்டையள் இல்லை. மாப்பிள்ளையும் அஞ்சடி எட்டு எண்டுதானே எடுத்தனாங்கள்” என்று சோபாவில் இருந்து பிரகடனம் செய்கிறார் தனுசியாவின் அண்ணன் குணசேகரம். அவருடைய கால்கள் தரையில் முட்டவில்லை. தகப்பன் கபிலன் தொண்டையைச் செருமுகிறான். “அண்ணை, அது கலியாணக் குறிப்புக்கு எழுதினது.” “எவ்வளவு கூட்டினனீர்?” “ஒரு மூண்டு இஞ்சு.” “போய்ச் சுவரோடை நில்லுங்கோ” என்கிறாள் தனுசியா. அவன் நிற்கிறான். நடப்பதை ஊகித்த கிர்ஸ்டன் குனிந்து பார்த்து, அவனுடைய குதிக்காலைச் செல்லமாகத் தட்டுகிறாள். குதி தரைக்கு வருகிறது. மேனுஜாவிடமிருந்து நாடாவை வாங்கி அளக்கிறாள்: நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். மடிக்கணினியில் தகப்பனின் உயரத்தை அவள் மாற்றியதும் கோடு சரசரவென்று இறங்கிப் புள்ளிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. “அப்பாவைப் போலத்தான் வளர்கிறாள். ஊசி வேண்டாம்.” தனுசியா மேனுஜாவின் கையை விடுகிறாள். நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, சுவரோடு நிற்கும் கணவனைப் பார்க்கிறாள். “அப்பிடியே நில்லுங்கோ. படிப்பையும் ஒருக்கா அளப்பம்.”