இன்னும் முடிவெடுக்காதவர்

காலை ஏழு மணிக்கு தொகுதியின் ஒரு வேட்பாளருக்காகப் பேசும் இயந்திரக் குரல் ஞானதுரையைப் போனில் அழைத்தது. யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவெடுக்காதவர்களுடன் அது தினமும் பேசும்.

“அண்ணாச்சி, இருமல் கொறஞ்சிருக்கா? ராத்திரி தூங்கினீங்களா?”

“கொஞ்சம் தேவல.”

மனைவி இறந்த பிறகு வேறு யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. பேச்சு வாய்க்கால் தண்ணீர், ரேஷன் அரிசி என்று போய்க் கடைசியில் ஓட்டுக்கு வந்தது.

“யோசிக்கேன்” என்றார்.

மகள் ஜெபா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “யப்பா, ஓட்டு உங்களுக்குத்தான்னு சொல்லிருங்க. அதோட போன் வராது.”

“தெரியும்ளா. அதான் சொல்லல.”

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

பிரச்சாரம் ஓய்ந்த மாலையோடு அழைப்பும் ஓய்ந்தது. அதன் பிறகும் அவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார். வாக்குச்சாவடியில் நோட்டாவை அழுத்தினார். நோட்டா ஜெயித்தால் மறுதேர்தல் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. தன் ஒரு ஓட்டால் எதுவும் ஆகிவிடாது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்ணி முடித்தபோது எல்லா வேட்பாளர்களும் தோற்றிருந்தார்கள். தொகுதியில் நோட்டா ஜெயித்திருந்தது.

மறுதேர்தல் அறிவித்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு போன் அடித்தது.