அவசரமில்லீங்க

எழுபத்து நாலாம் வருஷம். மலையாள நாட்டுக் கோர்ட்டு. கூண்டில் இரண்டு பேர். லாரி டிரைவர் பாலன், அந்த லாரியில் ஏறி வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்க வந்த சின்னமுத்து. லாரியில் வைக்கோலுக்கு அடியில் கஞ்சா மூட்டை இருந்தது.

"மூட்டை இந்தப் பாண்டிக்காரத் தமிழனோடது. வழியில கை காட்டினான், ஏத்திக்கிட்டேன். யாருன்னே தெரியாது" என்றான் பாலன், சுத்தமான மலையாளத்தில்.

பொள்ளாச்சியைத் தாண்டிப் பழகாத சின்னமுத்து, ஒன்றும் புரியாமல் அதற்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

மாஜிஸ்திரேட் அவன் பக்கம் திரும்பினார்.

"பறயான் அவசரம் வேணோ?"

அவனுக்குப் பிடிபட்டது அவசரம் என்ற சொல் மட்டும்தான். கும்பிட்டான்.

"அவசரமெல்லாம் வேண்டாமுங்க. மெதுவாவே ஆகட்டுங்க."

பாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளூர் டிரைவருக்கு அபராதம். பாண்டிக்காரனுக்கு ஒரு வருஷம் ஜெயில்.

வெளியே விலங்கு மாட்டிய போலீஸ்காரர் தமிழில் திட்டினார். "மலையாளத்துல அவசரம்னா வாய்ப்புடா. பேச வாய்ப்பு வேணுமான்னு கேட்டாரு. நீயே வேண்டாம்னுட்ட."

சின்னமுத்து கோர்ட்டு வாசலைப் பார்த்தான்.

"அது பாலனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன? ரெண்டு பாஷையும் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. சரி, உன் ஊட்டுக்குத் தாக்கல் சொல்லணுமா?"

பீடியைப் பற்றவைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான் பாலன்.

"வேண்டாமுங்க. அவனே போய் எங்கம்மாகிட்டச் சொல்லிக்குவான். அவன் பேரு பாலனில்லீங்க, பாலமுத்து. என்ற கூடப்பொறந்த தம்பி."