முதல் பக்கப் படம்

மூக்கண்டப்பள்ளி அடுக்ககத்தின் சங்க அறையில் மின்விசிறிக் காற்றுக்குச் செய்தி மடலின் அச்சுப்படி படபடக்கிறது. செயலாளர் மாதேஸ்வரன் அதன்மேல் கைபேசியை வைத்து அழுத்துகிறார். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனா மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மாதாமாதம் மடலைத் தயாரிக்கும் ஃபரீதா கணினி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போர்வெல் வற்றிப்போய்க் குடியிருப்பே லாரித் தண்ணீரில்தான் ஓடுகிறது என்று அவள் எழுதிய செய்தியின்மேல் குறுக்குக்கோடு விழுகிறது. பக்கத்தில், ‘ரிஜெக்ட்’.

“நெசத்தத்தானே சார் எழுதியிருக்கேன்?”

“யாரும்மா இல்லேன்னது? நாலு பேரு வீட்ட விக்கப் போட்டிருக்காங்க. பெங்களூர்க்காரன் இதப் படிச்சா எவன் வாங்குவான்? அந்த எடத்துல நான் மரக்கன்னு நட்ட போட்டோவப் போடு.”

போன மாதம் லிஃப்ட் பழுதான செய்தி இருந்த இடத்திலும் இவர்தான் கொடியேற்றினார். ஃபரீதா பெருமூச்சு விட்டுப் படத்தைக் கொண்டுவந்து வைக்கிறாள். ஜன்னல் வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. மாதேஸ்வரன் குனிந்து தன் முகத்தைப் பார்க்கிறார். முகத்தை மட்டும் பார்க்கிறார்.

“சின்னதா இருக்கே. இன்னும் பெருசாக்கு.”

அவள் படத்தின் மூலையைப் பிடித்து இழுக்கிறாள். அவர் பெரிதாகிறார். கன்று பெரிதாகிறது. கன்றுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயும், அது புறப்பட்டு வரும் தண்ணீர் லாரியும் அவர் தோளுக்குப் பின்னால் பெரிதாகின்றன.

“இப்ப சரியா சார்?”

“ஓகே” என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.