தையல்நாயகியின் புருவம்

"மூணாவது சம்பந்தமும் போச்சு டாக்டரம்மா! எல்லாம் இவ மூஞ்சியாலதான்!"

நாற்காலியில் உட்காரும் முன்பே முருகையன் ஆரம்பித்துவிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரி நெல்லித்தோப்பில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். பக்கத்தில் மனைவி தையல்நாயகி, புருவம் இரண்டும் கண்மேல் இறங்கி, நெற்றி சுருங்கி, யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பையன் பாரீஸ்ல நல்ல வேலைல இருக்கான். ஆனா வீடு பாக்க வர்ற பொண்ணு வீட்டுக்காரங்க, இவளப் பாத்ததும் கை நனைக்காமலே கெளம்பிடறாங்க. 'மாமியார் கடுகடுன்னு இருக்காங்க, எங்க பொண்ணு தாங்காது'ன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பறாங்க. அடுத்த மாசம் முதலியார்பேட்டைலேருந்து வர்றாங்க. அதுவும் போச்சுன்னா என் புள்ள கட்டைப் பிரம்மச்சாரிதான்!"

பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டர் நிர்மலா தையல்நாயகியின் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமா இப்படி இருக்கும்மா?"

"அது ஆச்சு முப்பது வருஷம்," என்றார் முருகையன்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன், எழுதிக்குங்க."

டாக்டருக்கு எரிச்சல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தலைமுடிக்குள்ள நாலஞ்சு எடத்துல சின்னதா கீறி, கேமரா வெச்ச குழாயை உள்ள விட்டு, புருவத்தை மேல தூக்கி நிறுத்துவோம். தழும்பு வெளிய தெரியாது," என்று ஆபரேஷனை விளக்கினார் டாக்டர்.

"தூக்குங்க! எவ்ளோ முடியுமோ அவ்ளோ தூக்குங்க!"

டாக்டர் தையல்நாயகியை நேராக உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தார். பிறகு முருகையனிடம், "கவுன்டர்ல ஒரு ஃபாரம் தருவாங்க. நிரப்பிட்டு வந்துடுங்க" என்றார்.

கால் மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தார் முருகையன். "ஒரு ஃபாரத்துல இத்தினி கேள்வியா? விசாவுக்குக்கூட இவ்ளோ கேக்கல!"

டாக்டர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு தையல்நாயகி. ஒருத்தி வழக்கம்போல் கடுகடுவென்று. இன்னொருத்திக்குப் புருவம் மேலேறி, நெற்றியில் ஒரு கோடு இல்லை, கண் விரிந்து சிரிப்பு வேறு.

முருகையன் வாயைப் பிளந்தார். "அட, கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டிட்டீங்களே! ஆபரேஷன் முடிஞ்சா இப்படித்தான் இருப்பாளா?"

"இது கம்ப்யூட்டர்ல போட்டது இல்ல. நீங்க ஃபாரம் நிரப்பப் போயிருந்தீங்களே, அப்ப எடுத்த போட்டோ," என்றார் டாக்டர். "ஆபரேஷன் வேணாம். பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு நீங்க மட்டும் பீச்சுப் பக்கம் போயிட்டு வாங்க, போதும்."